அப்பாவின் பாமினிக் கோப்புகளை யூனிகோடுக்குக் கொண்டுவருவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரான உங்கள் அப்பா இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஊர்க் கோயில் வரலாறு வேர்டு கோப்புகளாக இருக்கிறது. புதிய மடிக்கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. அதே நூலின் பி.டி.எஃப். கண்ணுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் உருப்படியாக வருவதில்லை. நன்கொடையாளர் பட்டியலை எக்செலில் திறந்தால் இன்னொரு விதமான குப்பை. மூன்றையும் செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் கொடுத்து 'சரிசெய்து தா' என்று கேட்டுவிடலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி.

வேண்டாம். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஆறுதலான செய்தி: நீங்கள் பார்க்கும் மூன்று குப்பையிலும் எதுவும் அழியவில்லை. கணினிக்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியலுக்குக் குறியாக்கம் என்று பெயர்; உலக மொழிகளுக்குப் பொதுவான பட்டியல்தான் யூனிகோடு. கணினி தவறான பட்டியலை வைத்துக்கொண்டு சரியான எண்களைப் படித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அழிவு நேர்வது நீங்கள் 'சேமி' என்று அழுத்தும்போது. ஆகவே மூலக் கோப்புகள் அத்தனையையும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். இனி நகல்களை மட்டுமே தொட வேண்டும்.

அடுத்து, குப்பை எந்த வகை என்று பார்க்கப் பழகுங்கள். அதைப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். வெறும் கட்டங்கள் வரிசையாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவினால் தீர்ந்தது. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து தெரிந்தால் பழைய குறியாக்கம். தலையில் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ', அதையடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' என்ற வணிகக் குறி, இந்த இணை திரும்பத் திரும்ப வந்தால் அது யூனிகோடுதான், படிப்பவர்தான் தவறாகப் படிக்கிறார். வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் நின்றால், அந்தக் கோப்பில் தமிழ் இல்லவே இல்லை. மாற்றும்போது யாரோ தொலைத்துவிட்டார்கள்.

இந்தக் கடைசி வகைக்கு மருந்து கிடையாது. விண்டோஸ் நோட்பேடில் பழைய நாட்களில் தமிழை ஒட்டிச் சேமித்தால், 'யூனிகோடு எழுத்துகள் இழக்கப்படும்' என்று ஓர் எச்சரிக்கை வரும். படிக்காமல் 'ஓகே' அழுத்தினால் ஒவ்வோர் எழுத்தும் ஒரு கேள்விக்குறியாகிவிடும். 2019 மே மாத விண்டோஸ் 10 மேம்பாட்டில்தான் நோட்பேடின் இயல்புநிலை யு.டி.எஃப்-8, அதாவது யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் முறை, ஆனது. அதற்கு முன்பு சேமித்த கோப்பு எதிலாவது கேள்விக்குறிகளைக் கண்டால், அதை அனுப்பியவரிடம் மூலத்தைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

இப்போது வேர்டு கோப்புகள். நீங்கள் அனுப்பிய மாதிரி வரியிலேயே விடை இருக்கிறது. அதில் 'கோயில்' வரவேண்டிய இடத்தில் பெரிய 'என்', பிறகு சிறிய எழுத்துகளில் 'எஃப், எச், ஏ, பி, ஒய்', கடைசியில் ஓர் அரைப்புள்ளி நிற்கிறது. இது பாமினி. பெரிய 'என்' இருக்கும் இடத்தில் அந்த எழுத்துருவை வடிவமைத்தவர்கள் ஏகாரத்தின் இரட்டைச் சுழிக் கொம்பை வைத்தார்கள். 'எஃப்' க, 'எச்' துணைக்கால், 'ஏ' ய, 'பி' இகரக் கொக்கி, 'ஒய்' ல, அரைப்புள்ளி நம்முடைய புள்ளி. தட்டச்சுப் பொறியின் ஒழுங்கு அப்படியே. உண்மையில் கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். பாமினி என்ற எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டியது. உங்கள் புதிய மடிக்கணினியில் அந்த எழுத்துரு இல்லை, முகமூடி கழன்றுவிட்டது.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். அன்றைய எழுத்துருக்களில் இருந்தது 256 இடம். அதில் முதல் பாதி ஆங்கிலத்துக்கு. தமிழின் 247 எழுத்துகளைக் கொம்பும் காலும் கொக்கியுமாகப் பிரித்துப் பொருத்துவதைத் தவிர வழியில்லை. எங்கே எதை வைப்பது என்பதில்தான் ஆளுக்கொரு முடிவு எடுத்தார்கள். பாமினி ஒரு விதம், வானவில் ஒரு விதம், ஸ்ரீலிபி ஒரு விதம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாகத் 'தாம்', 'தாப்' என்று இரண்டு குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தமிழ்நாட்டு அரசின் தரங்களாயின. அதே காலத்தில் இணையத் தமிழர்கள் மின்னஞ்சல் குழுக்களில் விவாதித்து 'டிஸ்கி' என்ற ஒன்றை உருவாக்கினார்கள். விசைப்பலகை நிலைத்தது, குறியாக்கங்கள் நிலைக்கவில்லை. தமிழ்நாட்டு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுக் காலத்தில். யூனிகோடில் தமிழ் 1991-லிருந்தே இருக்கிறது என்பதை நினைத்தால் கொஞ்சம் எரிச்சல் வரத்தான் செய்யும்.

மாற்றும் வேலையைத் தொடங்கும் முன் ஒரு சோதனை. கோப்பை வேர்டில் திறந்து, குப்பை வரி ஒன்றில் சுட்டியை வையுங்கள். மேலே எழுத்துருப் பெட்டியில் ஒரு பெயர் தெரியும். அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் வேர்டு அதன் பெயரை மறப்பதில்லை. இதனால்தான், முழுவதையும் தேர்ந்தெடுத்து 'லதா' அல்லது 'நிர்மலா' என்று மாற்றிப் பார்ப்பது தவறான முதல் அடி. தமிழ் வராது, எந்தப் பகுதி எந்த எழுத்துருவில் இருந்தது என்ற ஒரே தடயமும் போய்விடும். நோட்பேடில் ஒட்டினாலும் அதே கதி.

உங்கள் கோப்பில் தலைப்புகள் ஒரு எழுத்துருவிலும் உள்ளுரை வேறொன்றிலும் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, டி.டி.பி. கடைகளில் அதுதான் வழக்கம். வேர்டின் 'ஃபைண்ட்' பெட்டியில் தேடும் சொல்லைக் காலியாக விட்டு, 'ஃபார்மட்' வழியாக எழுத்துருப் பெயரை மட்டும் கொடுத்தால் அந்த எழுத்துருவில் உள்ள பகுதிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் தேர்வாகும். ஒவ்வோர் எழுத்துருவுக்கும் தனித்தனியாக எழுத்துரு மாற்றி மென்பொருளை ஓட்டுங்கள். ஆங்கிலச் சொற்களையும் தொலைபேசி எண்களையும் மாற்றிக்குள் அனுப்பாதீர்கள். அனுப்பினால் 'ஃபேக்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் 'கயஒ' என்று வெளியே வரும்.

எந்த மாற்றி? பாமினிக்குச் சுரதாவின் எழுத்துரு மாற்றி, நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வெர்ட்டர், அழகி பிளஸ் என்று பல இருக்கின்றன. பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர் வீட்டில் இருந்தால் 'ஓப்பன்-தமிழ்' என்ற திறமூல நூலகத்திலும் இதற்கான பகுதி உண்டு. எல்லாம் அடிப்படையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: இந்தக் குறிக்கு இந்த எழுத்து என்ற அட்டவணையைப் பார்த்து மாற்றுவது, பிறகு வரிசையை ஒழுங்குபடுத்துவது. வரிசை எதற்கு என்றால், பாமினியில் 'கோ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கிறது. யூனிகோடில் முதலில் க, அதன் பிறகு ஓகாரக் குறி. உயிர்மெய்யை உச்சரிக்கும் ஒழுங்கு அது. கொம்பைத் தாண்டி மெய்யை முன்னே கொண்டுவரத் தெரியாத மாற்றி அரைகுறை மாற்றி.

கணினியில் செய்யலாம் என்றால் இணையத்தில் ஒட்டாதீர்கள். கோயில் வரலாறு யார் படித்தாலும் நல்லதுதான். ஆனால் பலர் இதே வழியில் நிலப் பத்திரத்தையும் உயிலையும் முகம் தெரியாத தளங்களில் ஒட்டுகிறார்கள்.

மாற்றிய பிறகுதான் உண்மையான வேலை. பாமினியிலிருந்து வந்த உரையில் சில பிழைகள் தவறாமல் இருக்கும். அவற்றின் முகம் தெரிந்தால் ஒரு மணி நேரத்தில் பிடித்துவிடலாம். பாமினியில் ஆங்கிலக் காற்புள்ளி இருக்கும் விசையில் 'இ' அமர்ந்திருக்கிறது. காற்புள்ளியை வேறு விசையில் அடிக்க வேண்டும். எண்களை ஆங்கில எழுத்துருவில் அடித்திருந்தால், மாற்றியபின் 'ரூ. 10,000' என்பது 'ரூ. 10இ000' என்று ஆகும். பழைய ஈழத்துச் செய்திகளை இணையத்தில் படித்தவர்களுக்கு இந்த 'இ' பழகிய முகம். சதுர அடைப்புக்குறியும் இப்படித்தான்: திறப்பது 'ஜ', மூடுவது 'ஸ'. அடிக்குறிப்பு எண்ணைச் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டிருந்தால் 'ஜ2ஸ' என்று நிற்கும்.

இன்னொன்று வேடிக்கையானது. வேர்டுக்கு அது தமிழ் என்று தெரியாது; ஆங்கில வாக்கியம் என்று நினைத்து முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கிவிடும். பாமினியில் பெரிய எழுத்துகள் பெரும்பாலும் உகர வரிசை. ஆக, 'கடந்த ஆண்டு' என்று தொடங்கும் வாக்கியம் 'குடந்த ஆண்டு' ஆகிவிடும், 'தமிழ்' என்பது 'துமிழ்'. தட்டச்சு செய்தவர் அப்போதே கவனித்துத் திருத்தியிருப்பார், ஆனால் பின்னாளில் யாராவது கோப்பைத் திறந்து ஒரு வரி சேர்த்திருந்தால் அங்கே இது இருக்கும். வாக்கியங்களின் முதற்சொற்களை மட்டும் ஓடிப் பாருங்கள். பாமினிக் கோப்பில் ஏதாவது திருத்த வேண்டியிருந்தால், வேர்டின் 'ஆட்டோகரெக்ட்' அமைப்பில் பெரிய எழுத்தாக்கும் வசதியை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

கண்ணுக்கே தெரியாத பிழைகளும் உண்டு. அவைதான் அதிகம் தொல்லை தருபவை. 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வுடன் ஒகரக் குறி ஒன்றே, அல்லது க, ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று மூன்று. திரையில் இரண்டும் ஒன்று. தேடும் மென்பொருள் இரண்டையும் ஒன்றாகக் கருதாவிட்டால் 'கொடிமரம்' எழுபது இடத்தில் இருந்தும் ஓரிடத்திலும் இல்லை என்று சொல்லும். இதை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வேலைக்கு என்.எஃப்.சி. இயல்பாக்கம் என்று பெயர். நல்ல மாற்றிகள் தாமே செய்துவிடும், பைத்தானில் ஒரு வரிதான்.

ஔகாரத்தின் கதை வேறு. 'கௌரி' என்பதைக் கொம்பு போட்டு 'ள' சேர்த்துக் 'கெளரி' என்று பலர் தட்டுகிறார்கள். கணினிக்கு அது 'கெ', 'ள', 'ரி'. இது இயல்பாக்கத்தில் சரியாகாது, தேடித்தான் மாற்ற வேண்டும். அடுத்தது ஸ்ரீ. கோயில் நூல் என்பதால் பக்கத்துக்குப் பக்கம் வரும். 2005-ல் யூனிகோடில் 'ஶ' என்ற எழுத்தைச் சேர்த்தார்கள். அதன்பின் ஸ்ரீ, ஶ்ரீ என்று உள்ளே இரண்டு விதமாக எழுதலாம் என்றாயிற்று. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத்தான் தெரியும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்து நூல் முழுவதும் அதையே வையுங்கள்.

பி.டி.எஃப். கோப்புக்கு வருகிறேன். அதில் எழுத்துரு உள்ளேயே பொதிந்திருப்பதால் பார்க்க அழகாக இருக்கிறது. நகலெடுத்தால் என்ன வருகிறது என்று பாருங்கள். மேலே சொன்ன 'என், எஃப், எச்' வகைக் குப்பை என்றால் கொண்டாடுங்கள். அது பாமினிதான், மாற்றியில் போட்டால் வந்துவிடும். மாறாக, பாதி தமிழாகவும் கொம்புகள் இடம் மாறியும் சில எழுத்துகள் காணாமலும் வந்தால், அந்தக் கோப்பில் 'இந்த வடிவத்துக்கு இந்த எழுத்து' என்ற உள்பட்டியல் சரியாக இல்லை. அதைச் சீர்செய்ய முயல்வது வீண். படமாகக் கருதி ஓ.சி.ஆர். செய்வதே, அதாவது படத்தில் உள்ள எழுத்துகளைக் கணினியைப் படிக்க வைப்பதே மேல்.

இந்தத் துறையில் வந்திருக்கும் முன்னேற்றம் உண்மையிலேயே பெரியது. 2018-ல் வந்த டெசராக்ட் என்ற ஓ.சி.ஆர். மென்பொருளின் நான்காம் பதிப்பு நரம்பியல் வலையமைப்புக்கு மாறியது. அது திறமூலம், தமிழ்ப் பயிற்சிக் கோப்பும் உண்டு, இணையம் இல்லாமலே ஓடும். அதைவிட எளிது, பி.டி.எஃப்.-ஐக் கூகுள் டிரைவில் ஏற்றி, வலது சொடுக்கில் 'ஓப்பன் வித்', 'கூகுள் டாக்ஸ்' என்று கொடுப்பது. தெளிவான அச்சுக்குத் தமிழை வியக்கும்படி படிக்கிறது. பெரிய கோப்பைச் சிறு பகுதிகளாகப் பிரித்துப் போடுங்கள். ரகரமும் துணைக்காலும், னகரமும் ளகரமும் குழம்பும் இடங்களைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். உங்களிடம் வேர்டு கோப்புகளும் இருப்பதால், ஓ.சி.ஆர். உரையை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டும் வேறுபடும் இடத்தில் பி.டி.எஃப். படத்தைப் பாருங்கள், அதில் உள்ளதுதான் அச்சேறிய பாடம்.

நன்கொடையாளர் பட்டியல் மூன்றிலும் எளிது. காற்புள்ளியால் பிரித்த வெற்று உரைப் பட்டியலான சி.எஸ்.வி. கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்திருக்கிறீர்கள். யு.டி.எஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு. எக்செல் அதை மூன்று மேற்கத்திய எழுத்துகளாகப் படித்துவிட்டது, அதனால்தான் அந்தச் சாய்கோட்டு 'ஏ' வரிசை. மூடிவிடுங்கள், சேமிக்க வேண்டாம். காலி எக்செல் தாளைத் திறந்து, 'டேட்டா' தாவலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.' வழியாகக் கோப்பைக் கொண்டுவந்து, 'ஃபைல் ஆரிஜின்' என்ற இடத்தில் 65001 யூனிகோடு யு.டி.எஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். கைபேசி எண் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் முன்னால் இருக்கும் பூஜ்யம் பறந்துவிடும். லிப்ரே ஆபிஸ் கால்க் திறக்கும்போதே குறியாக்கத்தைக் கேட்கும். எனக்கு அந்த ஒரு பண்புக்காகவே அதைப் பிடிக்கும்.

குப்பையாகத் திறந்த பட்டியலை யாராவது அப்படியே சேமித்து அனுப்பியிருந்தால் பெரும்பாலும் மீட்கலாம், ஒரு சிக்கலுடன். எக்செல் பயன்படுத்திய அந்த மேற்கத்திய எழுத்துப் பட்டியலில் ஐந்து இடங்கள் காலி. தமிழில் புள்ளி, உகரக் கொக்கி, ஏ, ஐ ஆகியவற்றின் கடைசிப் பைட்டு அந்தக் காலி இடங்களில் போய் விழுகிறது. சில மென்பொருள்கள் அவற்றைத் தூக்கி எறிந்துவிடும். மீட்டெடுத்த பெயர்களில் புள்ளிகளும் உகரங்களும் மட்டும் காணாமல் போயிருந்தால் இதுதான் காரணம். மூலத்தைத் திரும்பக் கேளுங்கள்.

இனி, செயற்கை நுண்ணறிவு. பாமினி வரியைக் கொடுத்தால் அது தமிழில் ஏதோ ஒன்றைத் தரும், பல நேரம் சரியாகவும் தரும். சிக்கல் அது தவறும்போது. மாற்றி தவறினால் 'கயஒ' என்று அசிங்கமாகத் தவறும், பார்த்தவுடன் தெரியும். செயற்கை நுண்ணறிவோ அழகாகத் தவறும். அடுத்து என்ன சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுவது அதன் இயல்பு என்பதால், புரியாத இடத்தில் பொருத்தமான இன்னொரு சொல்லை வைத்துவிட்டுப் போகும். உங்கள் ஊர்த் தெருப் பெயர், உபயதாரரின் வீட்டுப் பெயர், வேறெங்கும் அச்சாகாத கும்மிப் பாட்டு, அப்பாவின் நடை, இவையெல்லாம் எங்கும் காணாத சொற்கள். துல்லியமாக அவற்றில்தான் அது 'திருத்தும்'. நூல் முழுவதும் படித்தாலும் உங்களுக்கு உறுத்தாது, அப்பாவுக்கு மட்டும் உறுத்தும்.

அதற்காக அதை ஒதுக்கவும் வேண்டாம். 'இதை மாற்றித் தா' என்று கேட்காமல், 'இந்த அட்டவணைப்படி மாற்றும் பைத்தான் நிரலை எழுதித் தா' என்று கேளுங்கள். நிரல் ஒரே விதியை எல்லாப் பக்கத்திலும் ஓட்டும், சொந்தமாக எதையும் கற்பனை செய்யாது. மாற்றிய உரையைக் கொடுத்து, 'எதையும் மாற்றாதே, ஐயத்துக்குரிய சொற்களைப் பட்டியலிடு' என்று கேட்பதும் நல்ல பயன். 'குடந்த', '10இ000' போன்றவற்றை அது விரைவாகப் பிடிக்கும். முடிவு எடுப்பது நீங்களோ அப்பாவோ. இதெல்லாம் ஆகிற காரியமா என்ற தயக்கம் வேண்டாம். 1998 பொங்கலன்று முனைவர் கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்கத் தொடங்கிய, தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம், பழைய எழுத்துருவிலிருந்து டிஸ்கிக்கும் அங்கிருந்து யூனிகோடுக்கும் தன் நூல்களைக் கொண்டுவந்தது. பெரும்பகுதி தன்னார்வலர்களின் உழைப்பு.

ஒரு துணைக்குறிப்பு. குறுந்தகட்டில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளும் இருப்பதாகச் சொன்னீர்கள். அடோபி 2001-ல் வெளியிட்ட ஏழாம் பதிப்போடு அந்த மென்பொருள் நின்றுவிட்டது. அடோபியின் இன்னொரு பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் சி.எஸ்.6 வரையிலான பதிப்புகள் பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளைத் திறந்தன, இப்போதையவை திறப்பதில்லை. லிப்ரே ஆபிஸ் டிராவில் இழுத்துப் போட்டுப் பாருங்கள். பக்க அமைப்பு கலைந்தாலும் பாமினி உரை கிடைத்தால் போதும்.

மறுபதிப்புக்கு அச்சகம் போகும்போது, 'யூனிகோடு எங்கள் மென்பொருளில் உடைகிறது, பாமினியிலேயே கொடுங்கள்' என்று சொல்வார்கள். இன்டிசைன் வைத்திருப்பவர் என்றால், பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கொம்புகள் தம் இடத்துக்கு வந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால், அதே மாற்றியைத் திருப்பி ஓட்டி ஒரு பாமினி நகலைக் கொடுக்கலாம். மெய்ப்புத் திருத்தங்களை மட்டும் அந்த நகலோடு விட்டுவிடாமல், அன்றன்றே உங்கள் யூனிகோடுக் கோப்பிலும் ஏற்றிவிடுங்கள்.